சுண்டுக் கணக்கும் கிராம் கணக்கும் இடிக்கும்போது: அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் வழிமுறை

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் அரிசி கடையிலிருந்து கிலோவில் வருகிறது. பானைக்குள் சுண்டில், அதாவது டின்பால் பேணியின் அளவில், போகிறது. பலகாரக் குறிப்புகள் அம்மாயியின் வாயிலிருந்து கொத்து என்ற பழைய முகத்தலளவையிலும் இறாத்தலிலும் (பவுண்டு) வந்தன; இன்று கைத்தொலைபேசியில் கோப்பையிலும் கிராமிலும் வருகின்றன. இந்த நான்கு கணக்குகளும் ஒரே அடுப்பங்கரையில் சந்திக்கும்போது எங்கோ ஓரிடத்தில் பிசகு நேர்கிறது. அந்தப் பிசகைச் சோறு குழைந்தோ, ரொட்டி வறண்டோ, அதிரசம் எண்ணெயில் கரைந்தோதான் நாம் முதலில் காண்கிறோம். சமைத்தவரின் கைப்பக்குவத்தைக் குறைசொல்லும் பல சந்தர்ப்பங்களில் உண்மையான குற்றம் அளவை மாற்றிய கணக்கில் இருப்பதை நான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஆகவே என்ன கெட்டது என்பதிலிருந்து தொடங்கி, எங்கே கணக்குத் தவறியது என்று பின்னோக்கித் தேடும் வகையில் இதை எழுதுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில்: உங்கள் சுண்டு எவ்வளவு?

நம்மில் பெரும்பாலோர் சுண்டு என்று சொல்வது வெறுமையான டின்பால் பேணியைத்தான். எல்லாப் பேணிகளும் ஒரே அளவானவை அல்ல. சிலருடைய வீட்டில் பேணி துருப்பிடித்துப்போன பிறகு ஒரு பிளாஸ்டிக் குவளை அந்த இடத்துக்கு வந்து, அதற்கும் சுண்டு என்ற பெயரே நிலைத்திருக்கும். எனவே வேறொருவர் சொல்லும் "ஒரு சுண்டு இத்தனை கிராம்" என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் பேணியைச் சமையல் தராசில் வைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரில் ஒரு கிராம் ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர் என்பதால், தராசு காட்டும் எண்ணே பேணியின் கனவளவு. என் வீட்டுப் பேணி 300 கிராம் தண்ணீர் கொள்கிறது. அதாவது அது 300 மில்லிலீற்றர் பேணி. பின்னர் அதை நன்றாகத் துடைத்து உலர்த்தி, நாட்டரிசியை மேலிருந்து சொரிந்து நிரப்பி, குலுக்காமல் தட்டாமல், கத்தியின் முதுகால் விளிம்போடு வழித்துத் தலைதட்டி நிறுத்தால் 240 கிராம் வருகிறது. அதே பேணியில் சம்பா 250 கிராம், மைசூர்ப் பருப்பு 245 கிராம், ரவை 210 கிராம். அவல் போட்டால் அரிசியின் பாதி நிறை வந்தாலே அதிகம். ஒவ்வொரு தானியத்தையும் மூன்று முறை அளந்து, நடுவான எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி அரிசி வாளியின் மூடியில் ஒட்டிவிட்டால், அதன்பின் மாற்றுவது சாதாரண வகுத்தல்தான்: வேண்டிய கிராமைப் பேணியின் கிராமால் வகுத்தால் எத்தனை சுண்டு என்பது கிடைக்கும். ஒரு கிலோ நாட்டரிசி என் பேணியில் நான்கு சுண்டும் ஆறில் ஒரு பங்கும் ஆகிறது.

வீட்டில் தராசு இல்லையென்றாலும் இதைச் செய்யலாம். கடையில் நிறுத்து வாங்கிய இரண்டு கிலோ அரிசியை வீட்டுக்கு வந்ததும் பேணியால் அளந்து, எத்தனை முழுப் பேணி, மிச்சம் எத்தனை மேசைக்கரண்டி என்று எண்ணிக்கொண்டால் போதும். தொங்கு தராசு மட்டும் இருக்கிறதென்றால் ஒரு பேணியை அதில் நிறுக்க வேண்டாம். பெரிய நிறைக்காகச் செய்யப்பட்ட தராசு இருநூறு கிராமைத் துல்லியமாகக் காட்டாது. பத்துப் பேணி அளந்து ஒரே பையில் போட்டு நிறுத்து, பையின் நிறையைக் கழித்துப் பத்தால் வகுங்கள். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் மழைநாளில் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கப்படுகிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துப் பழகிய நம் ஆட்களுக்கு இந்தக் கழிவுக் கணக்கை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே சுண்டுதான் போட்டேன். சோறு ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் நறுக்கென்று நிற்கிறது

இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அரிசியையும் தண்ணீரையும் ஒரே பாத்திரத்தால் அளந்தீர்களா? ஒரு சுண்டு அரிசிக்கு இரண்டு சுண்டு தண்ணீர் என்று ஒரே பேணியால் அளப்பவருக்குப் பேணி பெரிதா சிறிதா என்பது பொருட்டே அல்ல, விகிதம் மாறாது. அரிசியைக் கிலோவிலும் தண்ணீரைப் போத்தலிலும் அளப்பவர், அல்லது அரிசியைப் பேணியிலும் தண்ணீரைத் தேநீர்க் குவளையிலும் அளப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். ஆகவே நாள்தோறும் வடிக்காமல் பொங்கும் சோற்றுக்கு நிறைக் கணக்கையே தொடாமல் இருப்பது நல்லது.

ஒரே பேணியால்தான் அளந்தீர்கள், இருந்தும் மாறுகிறது என்றால், அளக்கும் கையைப் பாருங்கள். தலைதட்டி அளப்பதற்கும் கூம்பாகக் குவித்து அளப்பதற்கும் என் பேணியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசம் வருகிறது. பேணியின் வாய் அகலமாக இருந்தால் கூம்பும் பெரிதாகும். அகன்ற குவளையில் குவித்து அளப்பவர் இன்னும் அதிகமாகத் தவறுவார். அம்மா குவித்து அளக்க, மகள் தலைதட்டி அளக்க, இருவரும் நான்கு சுண்டு என்றே சொல்ல, தண்ணீர் மட்டும் குவியாத பொருளாகையால் இருவருக்கும் ஒரே அளவில் சேர்கிறது. அம்மாவின் சோறு இறுகுவதற்கும் மகளின் சோறு இளகுவதற்கும் இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது காரணம் அரிசி மாறியது. நாட்டரிசி முடிந்து சிவப்புப் பச்சையரிசி வந்திருக்கலாம். சம்பாவுக்குப் பதில் கீரிச்சம்பா வந்திருக்கலாம். நிறையில் ஏற்படும் வேறுபாடு சிறிதே. ஆனால் ஒவ்வொன்றும் குடிக்கும் தண்ணீர் வேறு. இதை மாற்றுக் கணக்கால் சரிசெய்ய முடியாது. புதிய அரிசிக்குத் தண்ணீரின் அளவைப் புதிதாகக் கண்டுபிடித்து மூடியில் ஒட்டிய காகிதத்தில் சேர்க்க வேண்டும்.

ரைஸ் குக்கரில் கோடு வரை தண்ணீர் விட்டும் மேல்சோறு வேகவில்லை

குக்கரோடு வரும் சிறிய பிளாஸ்டிக் கோப்பை 180 மில்லிலீற்றர் கொள்வது. அதில் அரிசி ஏறத்தாழ 150 கிராம். பாத்திரத்தின் உட்புறத்தில் 2, 4, 6 என்று போட்டிருக்கும் கோடுகள் அந்தக் கோப்பையின் எண்ணிக்கைக்கானவை. அந்தக் கோப்பை தொலைந்துபோன வீட்டில் நான்கு சுண்டு அரிசி போட்டு நான்காம் கோடு வரை தண்ணீர் விட்டால், 1,200 மில்லிலீற்றர் அரிசி, அதாவது குக்கரின் கணக்கில் ஆறரைக் கோப்பைக்கும் மேல், நான்கு கோப்பைக்குரிய தண்ணீரில் வேக முயல்கிறது. என் பேணியால் அளந்தால் மூன்று சுண்டுக்கு ஐந்தாம் கோடு சரியாகப் பொருந்தும். உங்கள் பேணியின் மில்லிலீற்றரைச் சுண்டின் எண்ணிக்கையால் பெருக்கி 180 ஆல் வகுத்தால் உங்களுக்குரிய கோடு எது என்று தெரிந்துவிடும். கோடுகள் பெரும்பாலும் தீட்டிய வெள்ளையரிசியை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை என்பதால், புழுங்கலுக்கும் சிவப்பரிசிக்கும் கோட்டுக்கு மேலே இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேவைப்படும்.

ரொட்டி வறண்டு வெடிக்கிறது, அல்லது மா கையில் ஒட்டிக்கொண்டே வருகிறது

மாவில்தான் மாற்றுக் கணக்கு மிக மோசமாகத் தவறுகிறது. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். அரிசியும் பருப்பும் கடினமான மணிகள். எப்படிப் போட்டாலும் அவற்றுக்கிடையே உள்ள காற்று ஓரளவுக்கு மேல் கூடவோ குறையவோ செய்யாது. மா அப்படியல்ல. கோதுமை மாவைச் சலித்து, கரண்டியால் மெதுவாகப் பேணியில் இட்டுத் தலைதட்டினால் என் பேணியில் 150 கிராம் வருகிறது. அதே மாவை வாளிக்குள் பேணியை நேரே விட்டு அள்ளி வழித்தால் 180 கிராம். பேணியை மேசையில் நான்கு தட்டுத் தட்டி, மீண்டும் நிரப்பி, விரலால் அமுக்கினால் 210 கிராம். மூன்று பேர் மூன்று பேணி மா என்று சொல்லி ரொட்டிக்கு எடுத்தால் ஒருவர் கையில் 450 கிராமும் இன்னொருவர் கையில் 630 கிராமும் இருக்கும். இரண்டுக்கும் இடையில் உள்ள 180 கிராம், அள்ளிய கணக்கில் ஒரு முழுப் பேணி மா. தேங்காய்ப்பூவும் உப்பும் தண்ணீரும் இருவரும் ஒரே அளவில் சேர்த்தால் ஒருவருடைய ரொட்டி தோசைக்கல்லில் வெடிப்பதும் மற்றவருடையது கையை விட்டு வர மறுப்பதும் இயல்பே.

குறிப்பில் கிராம் கொடுத்திருந்து உங்களிடம் பேணி மட்டும் இருந்தால், எந்த முறையில் அளந்து உங்கள் எண்ணைக் கண்டுபிடித்தீர்களோ அதே முறையில்தான் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். நான் சலித்துக் கரண்டியால் இடும் முறையை வைத்திருக்கிறேன். 500 கிராம் மாவுக்கு மூன்று பேணியும் மூன்றில் ஒரு பங்கும். குறிப்பில் கோப்பைக் கணக்கு மட்டும் இருந்து, எழுதியவர் எப்படி அளந்தார் என்பது தெரியாதபோது, மாவின் அளவை நம்பாமல் தண்ணீரை மூன்று தவணையாகச் சேர்ப்பதே பாதுகாப்பானது: முதலில் பாதி, பிறகு கால், மிச்சத்தைக் கைப்பதம் பார்த்து.

நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற மழையும் மூடுபனியும் மாதக் கணக்கில் தங்கும் இடங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திறந்து வைத்த மா காற்றின் ஈரத்தை வாங்கிக் கட்டி கட்டியாகிறது. நிறையில் இதனால் கூடுவது நூற்றுக்குச் சில கிராம்தான். ஆனால் கட்டிகளோடு அளந்த பேணியில் இடைவெளிகள் விழுந்து கணக்கே குழம்பிவிடுகிறது. எனவே கட்டி விழுந்த மாவைச் சலிக்காமல் அளக்கக் கூடாது. ஏற்கெனவே ஈரம் வாங்கிய மாவுக்குத் தண்ணீரும் சற்றுக் குறைவாகவே தேவைப்படும்.

புட்டு கட்டியாகிறது, இடியாப்பம் உரலிலிருந்து இறங்கவில்லை

வறுத்த அரிசி மா, வறுக்காத அரிசி மா, அவித்துச் சலித்த கோதுமை மா ஆகிய மூன்றும் ஒரே பேணியில் வெவ்வேறு நிறை காட்டும். கடையில் வாங்கிய பொதியிலிருந்து வீட்டில் இடித்த மாவுக்கு மாறிய வாரத்தில் பிழை தொடங்கியிருந்தால், வேறெங்கும் தேட வேண்டாம். புதிய மாவுக்குப் புதிதாக ஓர் எண் எழுதுங்கள். குரக்கன் (கேழ்வரகு) மாவுக்கும் தனி எண் வேண்டும்.

அம்மாயியின் குறிப்பில் கொத்தும் புசலும் இருக்கின்றன

ஒரு கொத்து என்பது நான்கு சுண்டு. ஆனால் அது எந்தச் சுண்டு என்பதில்தான் பிழை நுழைகிறது. தோட்டங்களில் அரிசியைப் புசல் கணக்கில் கொடுத்து வந்த காலத்தில், ஒரு புசலுக்கு 32 கொத்து என்று எண்ணினார்கள். ஆங்கிலேயர் புசல் 36.37 லீற்றர் என்பதால், ஒரு கொத்து 1,137 மில்லிலீற்றர் அளவிலும், ஒரு சுண்டு 284 மில்லிலீற்றர் அளவிலும் வந்து நிற்கின்றன. அரிசியை அந்தக் கொத்தில் தலைதட்டி அளந்தால் ஏறத்தாழ 907 கிராம், அதாவது இரண்டு இறாத்தல். பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்து, 1953 ஆகஸ்ட் 12 அன்று நாடு முழுவதும் ஹர்த்தால் வெடித்ததே, அந்தக் கொத்து இதுதான். அதனால்தான் பழைய ஆட்களின் பேச்சில் கொத்தும் இரண்டு இறாத்தலும் ஒன்றுக்கொன்று பதிலாக வருகின்றன.

அரிசிக்கு இந்தப் பதில் பொருந்தும்; மற்றவற்றுக்குப் பொருந்தாது. அம்மாயி "ஒரு கொத்து மா" என்று சொன்னதை இரண்டு இறாத்தல் மா என்று மாற்றிவிட்டால், சலித்த மா கொத்துக்கு ஏறத்தாழ 570 கிராமே வரும் என்பதால், ஒன்றரை மடங்குக்கும் அதிகமாகப் போட்டுவிடுவீர்கள். அம்மாயியின் குறிப்பை இன்றைய பேணியால் செய்து பார்ப்பவர்களும் கவனிக்க வேண்டும்: 300 மில்லிலீற்றர் பேணி பழைய சுண்டைவிட இருபதில் ஒரு பங்குக்கு மேல் பெரியது. எல்லாவற்றையும் அந்தப் பேணியாலேயே அளந்தால் குற்றமில்லை. அரிசியைப் பேணியாலும் சர்க்கரையை இறாத்தலிலிருந்து மாற்றிய கிராமாலும் அளந்தால்தான் பொங்கலின் இனிப்புக் குறைகிறது. நெல்லைப் புசலில் பேசுவது இன்னொரு கணக்கு. நெல் ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ, அதை அரிசிப் புசலோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

எட்டு அவுன்ஸ் ரவை போட்டேன். லவ் கேக் இறுகவே இல்லை

பழைய கேக் குறிப்புகளில் வரும் அவுன்ஸ் நிறை அவுன்ஸ்; ஒன்று 28.35 கிராம். அளவுக் கோப்பையின் பக்கத்தில் போட்டிருக்கும் அவுன்ஸ் திரவத்துக்கான கனவளவு. எட்டு அவுன்ஸ் ரவை என்றால் 227 கிராம், அரை இறாத்தல். அதைக் கோப்பையில் எட்டு என்ற கோடு வரை நிரப்பி எடுத்தால் கிடைப்பது 165 கிராம் அளவிலான ரவை. அறுபது கிராம் குறைந்துபோன ரவையால் முட்டையையும் சீனியையும் பிடித்து வைக்க முடிவதில்லை. தண்ணீருக்கும் பாலுக்கும் இந்த இரண்டு அவுன்ஸும் ஏறக்குறைய ஒத்துப்போவதால்தான் பலர் ரவைக்கும் அப்படியே என்று நினைத்துவிடுகிறார்கள். என் பேணியில் 227 கிராம் ரவைக்கு ஒரு பேணி தலைதட்டிப் போட்டு, மேலே ஒன்றரை மேசைக்கரண்டி சேர்க்க வேண்டும்.

வெளிநாட்டுக் குறிப்பில் "ஒரு கோப்பை"

அமெரிக்கக் குறிப்பின் கோப்பை 240 மில்லிலீற்றர் அளவு. அவுஸ்திரேலியக் கோப்பை 250. ஜப்பானியக் கோப்பை 200. பழைய பிரித்தானியக் குறிப்பின் கோப்பை 284. கடைசியாகச் சொன்னது நம் பழைய சுண்டேதான். நான்கு கோப்பைப் பொருள்கள் உள்ள குறிப்பில் எல்லாம் கோப்பைக் கணக்கிலேயே இருந்தால் எந்தக் கோப்பையானாலும் செய்யலாம். முட்டை, வெண்ணெய் போன்றவை எண்ணிக்கையிலும் கிராமிலும் கலந்து வந்தால் மட்டும் எந்த நாட்டுக் கோப்பை என்று பார்த்தே ஆக வேண்டும். அவுஸ்திரேலியாவின் மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர். நம்முடையது 15 என்பதையும் சேர்த்து நினைவில் வைத்திருங்கள்.

அரைக் கோப்பை, அரைப் பேணி எடுப்பதிலும் ஒரு சிறு தவறு உண்டு. மேலே அகன்று கீழே ஒடுங்கிய தம்ளரில் பாதி உயரம் பாதி அளவு ஆகாது, அதைவிடக் குறையும். சிரட்டையில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. நேரான பேணியாக இருந்தால், அதைச் சரித்துப் பிடித்து, தண்ணீர் ஒரு பக்கத்து விளிம்பையும் எதிர்ப்பக்கத்து அடி மூலையையும் ஒரே நேரத்தில் தொடும்படி வைத்தால் அது சரியாகப் பாதி.

அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகிறது

பாகின் பதம் தவறினாலும் இப்படி ஆகும். பாகு சரியாக இருந்தும் பிரிந்தால், குறிப்பில் உள்ள "ஒரு கிலோ அரிசி மா" எந்த நிலையில் நிறுத்த ஒரு கிலோ என்று பாருங்கள். பச்சையரிசி ஊறி வடிந்த பின் தன் நிறையில் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ தண்ணீரை வைத்திருக்கும். ஈர மாவை நிறுத்து ஒரு கிலோ எடுத்தால் அதற்குள் உள்ள அரிசி 780 கிராம் அளவே. உலர்ந்த அரிசியை நிறுத்து எழுதிய குறிப்பின்படி வெல்லத்தைச் சேர்த்தால், இருக்க வேண்டியதைவிடக் கால் பங்குக்கும் அதிகமாக இனிப்பு சேர்ந்து, மாவால் அதைப் பிடித்துவைக்க முடியாமல் எண்ணெயில் விட்டுவிடும். ஊற வைப்பதற்கு முன்னரே அரிசியை நிறுத்து, அந்த எண்ணுக்கே வெல்லத்தைக் கணக்கிடுங்கள். இடித்த பின் மாவை நிறுக்க வேண்டாம். தீபாவளிக்கு முதல்நாள் இரவு இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பவருக்குக் கைகொடுக்கக்கூடியது, கொஞ்சம் மாவை ஒதுக்கி வைத்திருப்பது மட்டும்தான்.

தோசை மா பொங்கவில்லை

இதற்கு மாற்றுக் கணக்கைக் குறைசொல்வதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். அரிசியும் உளுந்தும் ஒரே பேணியில் ஏறக்குறைய ஒரே நிறைதான் காட்டும். நிறையில் நான்குக்கு ஒன்று என்றாலும் சுண்டில் நான்குக்கு ஒன்று என்றாலும் மாவில் தெரியும்படியான வேறுபாடு வராது. நுவரெலியாவிலோ ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் பாதையோரத் தோட்டங்களிலோ இரவுக் குளிரில் மா புளிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அடுப்பின் சூடு தங்கும் மூலையில் வைத்துப் பாருங்கள். முழு உளுந்துக்குப் பதிலாக உளுத்தம் மாவைச் சுண்டில் அளந்திருந்தால் மட்டும் கணக்கைத் திருத்த வேண்டும்.

திருவிழா அன்னதானத்தில் சோறு மிஞ்சியது, அல்லது இறுகியது

வீட்டுச் சமையலில் மறைந்துகிடக்கும் பிழை அண்டாவில் வெளியே வந்துவிடுகிறது. மாரியம்மன் திருவிழாவுக்கு இருநூறு பேருக்குச் சமைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 110 கிராம் அரிசி என்றால் 22 கிலோ. என் பேணியில் தலைதட்டி 92 சுண்டு. லயத்துக்கு லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வீடு வீடாக அரிசி சேர்க்கும்போது கொடுப்பவர்கள் மனம் நிறைந்து கூம்பாகக் குவித்தே கொடுப்பார்கள்; கோயிலுக்குத் தலைதட்டிக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. அந்த 92 சுண்டும் கூம்பாக வந்தால் கையில் இருப்பது 24 கிலோவுக்கும் மேல். ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ சோறு ஆகும் என்பதால் மிஞ்சும் சோறு ஆறு ஏழு கிலோ. 22 கிலோவுக்கென்று எண்ணி வைத்த தண்ணீரில் அதைப் பொங்கினால் சோறு இறுகும், அடிப்பிடிக்கவும் கூடும். பல வீட்டு அரிசி கலந்திருப்பதால் ஒரு பக்கம் குழைந்து ஒரு பக்கம் அரைவேக்காடாகவும் நிற்கும்.

ஆகவே பெரிய சமையலுக்குச் சுண்டை எண்ணுவதையே நிறுத்திவிடுங்கள். சேர்ந்த அரிசியை வகை பிரித்து வைத்து, மொத்தமாகத் தராசில் நிறுங்கள். தண்ணீரை லீற்றர் தெரிந்த ஒரே வாளியால் அளந்து, எண்ணுவதற்கு ஒருவரை மட்டும் நிறுத்துங்கள். இரண்டு பேர் எண்ணினால் இரண்டு வாளி தவறும். பருப்புக்கும் இதே முறைதான். தராசு கிடைக்காத இடத்தில், கடையின் முத்திரை உடையாத 25 கிலோ மூட்டையை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து 3 கிலோவை, அதாவது என் பேணியில் பன்னிரண்டரைச் சுண்டை, எடுத்துவிட்டால் 22 கிலோ மிஞ்சும். கழிப்பதற்குக் குறைந்த எண்ணிக்கையை அளந்தால் பிழையும் குறைவாகவே சேரும்.

சிகிச்சை நிலையத்தில் கொடுத்த உணவுத் தாளின்படி சாப்பிட்டும் சீனி குறையவில்லை

நீரிழிவு உள்ள பெரியவர்களுக்குக் கொடுக்கும் தாளில் "ஒரு கோப்பை சோறு" என்று இருக்கும். அது வெந்த சோறு. அதை ஒரு கோப்பை அரிசி என்று எடுத்துக்கொண்டு பொங்கிக் கொடுத்தால், சொன்ன அளவைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு தட்டில் விழுகிறது. இது கணக்குப் பிழை என்பதைவிடச் சொல்லின் பிழை. விளைவு மட்டும் மற்ற எல்லாவற்றையும்விடக் கடுமையானது. தாளை எழுதியவரிடம் அரிசியா சோறா என்று நேரே கேட்டு, பதிலைத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கடையில் ஒரு கிலோ. வீட்டில் சுண்டு குறைகிறது

உடனே கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். சென்ற மாதம் குவித்தும் இந்த மாதம் தலைதட்டியும் அளந்தீர்களா, அரிசி வகை மாறியதா, பேணி மாறியதா என்ற மூன்றையும் பார்த்த பின்னும் எண் இடித்தால் உங்கள் தராசைச் சோதியுங்கள். திறக்காத 400 கிராம் பால்மாப் பொதியை அதில் வையுங்கள். உறையின் நிறை சேர்ந்து 400க்குச் சற்று மேலே காட்ட வேண்டும். தராசைச் சமமான இடத்தில் வைத்தீர்களா, பற்றரி தளர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். உங்கள் தராசு சரியென்று உறுதியான பின்னும் கடையின் கிலோ குறைந்தால், அதே பொதியைக் கடையின் தராசிலும் வைத்துக் காட்டும்படி மரியாதையாகக் கேட்கலாம். வியாபாரத் தராசுகளுக்கு முத்திரையிடுவது சட்டப்படியான தேவை.

எல்லா அளவும் சரி. ஆனாலும் பருப்பு மசியவில்லை

மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, தராசும் பேணியும் ஒத்துப்போகின்றன, இருந்தும் கொழும்பிலிருக்கும் அக்கா அனுப்பிய குறிப்பின்படி இங்கே எதுவும் வேகவில்லை என்றால், காரணம் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூட, ஏறத்தாழ முந்நூறு மீற்றருக்கு ஒரு பாகை என்ற கணக்கில், தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை குறைகிறது. கண்டியில் அது 98 பாகையைச் சற்றுத் தாண்டி நிற்கும். ஹட்டனில் 96 அளவில். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் 94 அளவில். தண்ணீர் தளதளவென்று கொதிப்பதைப் பார்க்கும் கண்ணுக்கு இந்த ஆறு பாகை தெரியாது. கொண்டைக்கடலைக்கும் பாசிப்பயறுக்கும் தெரியும். அடுப்பில் கூடுதல் நேரம் இருப்பதால் ஆவியாகிப் போகும் தண்ணீரும் கூடுகிறது. பிரஷர் குக்கர் இருந்தால் இந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடும். இல்லாவிட்டால் முதல்நாள் இரவே ஊற வைத்து, தண்ணீரை அரைச் சுண்டு கூட்டி, மூடியைத் திறக்காமல் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். மூடியில் ஒட்டிய காகிதத்தில் உள்ள பருப்பின் எண்ணை மட்டும் மாற்றாதீர்கள். தண்ணீரையும் நேரத்தையும் அதன் பக்கத்தில் தனி வரியாக, எந்த ஊரின் அடுப்புக்கு என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள்.